பூக்கிறது, காய்க்கவில்லை: மாடித்தோட்ட மிளகாய்ச் செடியைக் காய்க்க வைக்கும் முறை

மாடியில் வைத்த மிளகாய்ச் செடி நிறையப் பூத்தும் ஒரு காய்கூடப் பிடிக்காமல், பூக்கள் காம்போடு மஞ்சளித்து உதிர்ந்து கிடந்தால், கண் பட்டுவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. வெயிலோ வறட்சியோ பூச்சியோ செடியை வாட்டும்போது அது முதலில் கைவிடுவது பூவைத்தான் என்பதால், எது வாட்டுகிறது என்று கண்டறிந்த பிறகே மருந்தைப் பற்றி நினைக்க வேண்டும்.

முதலில் வெயிலைக் கவனியுங்கள். மிளகாய்க்கு 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் உகந்தது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் தணியாமல் புழுங்கினால் மகரந்தம் வீரியம் இழந்து, பூ கருவுறாமலே விழுந்துவிடும். சென்னையிலும் வேலூரிலும் மே மாதத்தில் நடப்பது இதுதான். எனவே, புதிதாகத் தொடங்குபவர்கள் செப்டம்பர், அக்டோபரில் விதைத்து, 40 முதல் 45 நாள் வயதான நாற்றை நட்டால், குளிர்ந்த மாதங்களில் பூ வரும். கோடையில் ஏற்கெனவே செடி வைத்திருப்பவர்கள் காலை வெயில் படும்படி விட்டு, நண்பகலுக்கு மேல் நிழல்வலை கட்டலாம். நாள் முழுவதும் நிழலில் இருக்கும் செடி பூப்பதே அரிது.

அடுத்தது தண்ணீர். வளர்ப்புப் பையின் மண் ஒருநாள் வெடித்துக் காய்ந்து, மறுநாள் சேறாகி நின்றால் பூ நிற்காது. விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் மட்டும் ஊற்றுங்கள். காய்ந்த இலைகளால் மூடாக்கு இடுங்கள்.

இலை கரும்பச்சையாகச் செழித்தும் பூ குறைவாக இருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்துவிட்டது என்று பொருள். மீன் அமிலத்தையும் (மீன் கழிவை வெல்லத்துடன் ஊறவைத்த கரைசல்) யூரியாவையும் நிறுத்திவிட்டு, சாம்பல்சத்துக்காகச் (பொட்டாசியம்) சலித்த விறகுச் சாம்பலை ஒரு கைப்பிடி மட்டும் மண்ணில் கலக்கலாம்.

மிளகாய்ப் பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டுமே இருப்பதால் ஒற்றைச் செடியும் காய்க்கும். ஆயினும் காற்றும் தேனீயும் வராத பால்கனியில், பூ விரிந்த முற்பகலில் கிளையை விரலால் மெல்லச் சுண்டிவிட வேண்டும்.

இலைகள் சுருண்டிருந்தால் அடிப்புறத்தைப் பாருங்கள். மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன் என்னும் சாறுறிஞ்சும் சிறு பூச்சி. கீழ்நோக்கிச் சுருண்டால் கண்ணுக்கு எளிதில் தெரியாத செடிச் சிலந்தி (மைட்). இலைப்பேனுக்கு ஒரு லிட்டர் நீரில் 3 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, தேனீக்கள் அடங்கிய மாலையில் தெளியுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பூ உதிர்ந்தால்தான் என்.ஏ.ஏ. என்னும் வளர்ச்சி ஊக்கி தேவை. நட்ட 60, 90 ஆம் நாள்களில் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10 பங்கு) அளவில் தெளிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் 4.5 விழுக்காட்டுக் கரைசலாயின் 4.5 லிட்டர் நீருக்கு 1 மில்லி போதும். அளவு கூடினால் பயன் தலைகீழாகிவிடும்.

பிடித்த காய்களைப் பழுக்க விடாமல் பச்சையாகவே வாரம் ஒருமுறை காம்போடு பறித்து வந்தால், அடுத்த பூக்கள் விரைவில் வரும்.