ஓடிய தூரம் சொல்லாத கதை: ஆண்டுக் கணக்கைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்ததும் ஓடுகிறவர்களுக்கும் சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் கைப்பேசிச் செயலி ஒரு பெரிய எண்ணைக் காட்டிப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கும். இந்த ஆண்டு 1,200 கிலோமீட்டர்! உடனே அடுத்த ஆண்டுக்கு 2,000 என்று மனம் இலக்கு வைத்துவிடும். முதல் தவறு இதுதான். 1,200 கிலோமீட்டர் என்பது மாதம் நூறாகச் சீராக ஓடியதாகவும் இருக்கலாம். ஆறு மாதம் வெறித்தனமாக ஓடிவிட்டு மீதி ஆறு மாதம் முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகவும் இருக்கலாம். கூட்டுத்தொகைக்கு இரண்டும் ஒன்றே. ஆண்டைத் திரும்பிப் பார்ப்பவர் முதலில் தேட வேண்டியது பதிவேட்டில் வெற்றாகக் கிடக்கும் வாரங்களை. பிறகு, ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் முந்தைய ஒரு மாதத்தை நிதானமாக வாசிக்க வேண்டும்.

அப்படி வாசிக்கும்போது பலர் வலி வந்த நாளிலேயே நின்றுவிடுகிறார்கள். அன்று போட்டிருந்த காலணி, அன்று ஓடிய மேடு, அன்று செய்யாத வார்ம்-அப் என்று குற்றவாளியைத் தேடுகிறார்கள். கால் பிசகிக் கீழே விழுந்திருந்தால் அது சரி. ஆனால் பொழுதுபோக்காக ஓடுகிறவர்களுக்கு வரும் காயங்களில் பெரும்பாலானவை மிகைப்பயன்பாட்டால் வருபவை. வாரக்கணக்கில் ஊறிய பிறகுதான் வலியாகத் தலைகாட்டும். உடலின் பாகங்கள் ஒரே வேகத்தில் பழகுவதில்லை என்பதே இதன் காரணம். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசைகள் அடுத்து. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் அவற்றுக்கு மாதங்கள் தேவை. எலும்பின் கதை இன்னும் விசித்திரமானது. புதிய சுமைக்கு ஏற்பத் தன்னைப் பலப்படுத்தும்போது அது பழைய பகுதியை முதலில் அரித்து அகற்றிவிட்டுத்தான் புதியதைக் கட்டுகிறது. இந்தச் சுழற்சி முடிய மூன்று நான்கு மாதங்கள் ஆகும். இடைப்பட்ட வாரங்களில் அந்த இடம் முன்பைவிடச் சற்றுப் பலவீனமாகவே இருக்கும். மூச்சு வாங்காமல் ஓட முடிகிறதே என்று உற்சாகம் பிறப்பதும் சரியாக அதே வாரங்களில்தான். புதிதாக ஓடத் தொடங்கியவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் மாதத்தில் கணைக்கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழுவது இப்படித்தான்.

ஓடும் தூரத்தை வாரத்துக்குப் பத்து சதவீதம் மட்டும் கூட்டினால் காயம் வராது என்ற விதியை அளவுக்கு மீறி நம்புவது அடுத்த தவறு. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் புதிய ஓட்டக்காரர்களை இரு குழுக்களாகப் பிரித்து இதைச் சோதித்தார்கள். 2008-இல் வெளியான முடிவில், பத்து சதவீத விதிப்படி மெல்லக் கூட்டிய குழுவிலும் வழக்கமான திட்டப்படி ஓடிய குழுவிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம். 2025-இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, வாரக் கூட்டலைவிட ஒற்றை ஓட்டத்தின் தூரமே முக்கியமாகத் தெரிந்தது. முந்தைய 30 நாள்களில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைப் பத்து சதவீதத்துக்கு மேல் தாண்டியபோது காயம் அதிகரித்தது. இரு மடங்குக்கு மேல் போனபோது மிகவும் கூடியது. நண்பர் அழைத்தார் என்பதற்காக எட்டுக் கிலோமீட்டரிலிருந்து நேராகப் பதினாறுக்குப் போன அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள்.

எல்லா நாளும் அரைகுறை வேகத்தில் ஓடுவதும் பரவலான பழக்கம். அது மெதுவும் அல்ல, கடும் பயிற்சியும் அல்ல. தலைசிறந்த நீள்தூர வீரர்களே தங்கள் பயிற்சியில் ஏறத்தாழ 80 சதவீதத்தைப் பேசிக்கொண்டே செல்லக்கூடிய வேகத்தில்தான் செய்கிறார்கள். நாம் அவர்களைவிட அவசரப்பட வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாளும் விடாமல் ஓடியதைச் சாதனையாக எண்ணுவதும் உண்டு. இங்கிலாந்தின் ரான் ஹில் 1964 முதல் 2017 வரை தினமும் குறைந்தது ஒரு மைலாவது ஓடினார். கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோலோடும் தொடர்ந்தார். வியக்கலாம். ஆனால் அவர் 1970-இல் பாஸ்டன் மாரத்தானை வென்றவர். ஓய்வு நாளைத் தோல்வியாகக் குறிக்கும் பதிவேடு சாதாரண உடலுக்கு ஆகாது.

வலியைப் படிப்பதில் நடக்கும் தவறுகளே அதிக விலை கேட்பவை. ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் மறைந்துவிடும் வலியைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். தசைநாண் பாதிப்பின் தொடக்க அடையாளமே அதுதான்: உடல் சூடேறியதும் அடங்கும், மறுநாள் காலை முதல் சில அடிகளில் குதிகாலைப் பிடித்துக்கொள்ளும். எனவே மறுநாள் காலை எப்படி இருந்தது என்பதையும் எழுதி வையுங்கள். எலும்பின் மேல் ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலிநிவாரணி மாத்திரையைப் போட்டுக்கொண்டு நீண்ட தூரம் ஓடுவது இந்த எச்சரிக்கையை மறைப்பதோடு, நீரிழந்த உடலில் சிறுநீரகத்துக்கும் சுமை ஏற்றும்.

கால் வலிக்கு மாற்றாகச் சைக்கிளுக்குத் தாவுபவர்கள் இருக்கையின் உயரத்தைப் பார்ப்பதில்லை. தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறமும், மிக உயர்ந்திருந்தால் பின்புறமும் வலிப்பது வழக்கம்.

நேரமெல்லாம் நீட்சிப் பயிற்சிக்கே போவதையும் சொல்ல வேண்டும். 2014-இல் வெளியான, 25 ஆய்வுகளைத் தொகுத்த அலசலில் நீட்சிப் பயிற்சி காயங்களைக் குறைத்ததாகத் தெரியவில்லை. தசை வலுப் பயிற்சி தெளிவாகக் குறைத்தது. அவற்றில் பங்கேற்ற எல்லோரும் ஓட்டக்காரர்கள் அல்லர் என்றாலும், வாரம் இருமுறை கெண்டைக்கால், தொடை, இடுப்புத் தசைகளுக்கு எடை கொடுப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை.

காயம் ஆறிய பின் விட்ட இடத்திலிருந்தே தொடங்குவதுதான் பட்டியலில் மிக மோசமானது. முன்பு காயம்பட்டிருப்பதே மறுபடி காயம்படுவதற்கான வலுவான முன்னறிகுறிகளில் ஒன்று. ஆறு வாரம் ஓடாதவருக்குச் சென்ற மாதத்தின் மிக நீண்ட ஓட்டம் பூஜ்யம். பழைய பத்துக் கிலோமீட்டர் கணக்கில் வராது. வலியின்றி அரை மணி நேரம் வேகமாக நடக்க முடிந்த பிறகு, ஒரு நிமிட ஓட்டமும் இரண்டு நிமிட நடையுமாக ஒன்றுவிட்டு ஒரு நாள் தொடங்கலாம். தூரத்தை முதலில் கூட்டுங்கள். வேகத்தைச் சில வாரங்கள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.