பிரெஞ்சு 'பாஸே சேம்ப்ல்': ஒழுங்கான வினைகளை இறந்தகாலத்தில் எழுதுவது எப்படி?

பிரெஞ்சு கற்கத் தொடங்கிச் சில மாதம் கழித்து ஒரு கதைப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே குழப்பம் வரும். வகுப்பில் படித்தது 'இல் ஆ பார்லே'. புத்தகத்தில் இருப்பது 'இல் பார்லா'. இரண்டுக்கும் 'அவன் பேசினான்' என்றுதான் பொருள். முன்னது பாஸே காம்போஸே, பேச்சிலும் கடிதத்திலும் வருவது. பின்னது பாஸே சேம்ப்ல், கதைக்கும் வரலாற்று நூலுக்கும் உரியது. 'பேசுனான்' என்று சொல்லிவிட்டு 'பேசினான்' என்று எழுதும் நமக்கு இந்த இரட்டை வழக்கு புதிதல்ல. கடையில் போய் 'பார்லா' என்று பேச வேண்டாம். படித்தால் புரிய வேண்டும், எழுதச் சொன்னால் பிழையில்லாமல் எழுத வேண்டும்.

கீழே எழுத்துகளை நமக்குப் பழகிய ஆங்கிலப் பெயராலேயே குறித்திருக்கிறோம்.

படி 1: பகுதியைப் பிரியுங்கள்

அகராதியில் உள்ள வடிவத்தின் கடைசி இரண்டு எழுத்தை நீக்குங்கள். 'பார்லே' (பேச) இ-ஆர் என்று முடியும், நீக்கினால் 'பார்ல்'. 'ஃபினீர்' (முடிக்க) ஐ-ஆர் என்று முடியும், மீதி 'ஃபின்'. 'ரெப்போந்த்ர்' (பதில் சொல்ல) ஆர்-இ என்று முடியும், மீதி 'ரெப்போந்த்'.

'ஃபினீர்' வகையில் பலர் சறுக்குவது இங்கேதான். நிகழ்காலப் பன்மையில் 'நூ ஃபினிஸோன்' (நாங்கள் முடிக்கிறோம்) என்று இரட்டை எஸ் வருவதால் அதை இங்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். பாஸே சேம்ப்லில் அந்த எஸ்-எஸ் கிடையாது.

படி 2: இ-ஆர் வினைக்கு விகுதி சேருங்கள்

'பேசினான்' என்பதில் 'இன்' காலத்தையும் 'ஆன்' ஆளையும் காட்டுகின்றன. பிரெஞ்சில் ஒரே விகுதி இரண்டையும் சொல்லிவிடும்.

ஜெ (நான்) பார்லே: ஏ-ஐ
த்யூ (நீ) பார்லா: ஏ-எஸ்
இல் (அவன்), எல் (அவள்) பார்லா: ஏ மட்டும்
நூ (நாங்கள்) பார்லாம்: தொப்பிக் குறி வைத்த ஏ, பிறகு எம்-இ-எஸ்
வூ (நீங்கள்) பார்லாத்: தொப்பிக் குறி வைத்த ஏ, பிறகு டி-இ-எஸ்
இல், எல் (பன்மை, அவர்கள்) பார்லேர்: இடப்பக்கம் சாய்ந்த கோடு வைத்த இ, பிறகு ஆர்-இ-என்-டி

முதலில் மூன்றாவதையும் ஆறாவதையும் மனப்பாடம் செய்யுங்கள். கதைகளில் பெரும்பாலும் 'அவன், அவள், அவர்கள்'தான் வருவார்கள். ஒருமையில் ஏ இருக்கிறதே என்று பன்மையிலும் அதையே வைத்து 'பார்லார்' என்று எழுதினால் தவறு. அந்த ஒரு இடத்தில் மட்டும் ஏ போய் இ வருகிறது.

இ-ஆர் என்று முடியும் வினைகளில் இந்தக் காலத்துக்கு விதிவிலக்கே இல்லை. நிகழ்காலத்தில் நம்மைப் படாதபாடு படுத்தும் 'அலே' (போக) கூட இங்கே 'இல் அலா' என்று ஒழுங்காக நிற்கும்.

படி 3: மற்ற இரண்டு வகை

ஐ-ஆர், ஆர்-இ இரண்டுக்கும் ஒரே விகுதிகள்: ஐ-எஸ், ஐ-எஸ், ஐ-டி, பன்மையில் தொப்பி ஐ-எம்-இ-எஸ், தொப்பி ஐ-டி-இ-எஸ், ஐ-ஆர்-இ-என்-டி. கடைசியில் மட்டும் தொப்பி இல்லை. 'இல் ரெப்போந்தி', 'நூ ரெப்போந்தீம்', பன்மை 'இல் ரெப்போந்தீர்'.

1990ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் பல சொற்களில் ஐ மேலிருந்த தொப்பியை விட்டுவிட அனுமதித்தது. அதை நம்பி இங்கே எடுத்துவிடாதீர்கள். பாஸே சேம்ப்ல் விகுதியில் அது அப்படியே இருக்க வேண்டும்.

'இல் ஃபினி' என்ற வடிவம் நிகழ்காலத்திலும் அதே எழுத்துதான். சுற்றியுள்ள வினைகளைப் பார்த்தே காலத்தை முடிவு செய்ய வேண்டும்.

படி 4: ஒலியைக் காக்கும் எழுத்து

'மான்ஜே' (சாப்பிட) வினையில் ஜி-க்குப் பின் ஏ வந்தால் ஒலி 'க' ஆகிவிடும். 'மான்ஜா' என்பது 'மாங்கா' ஆகும்! அதனால் நடுவில் ஓர் இ சேர்த்து எழுதுவார்கள். 'கொமான்சே' (தொடங்க) வினையில் சி-யின் கீழே சிறு வால் போடுவார்கள். 'அவர்கள்' வடிவத்தில் ஏ இல்லாததால் கூடுதல் இ-யும் வாலும் தேவையில்லை.

ஜெ-யில் வரும் சிக்கல்

'ஜெ பார்லே' ஏ-ஐ என்று முடிந்தால் 'பேசினேன்'. ஏ-ஐ-எஸ் என்று முடிந்தால் அது ஏம்பர்ஃபே, 'பேசிக்கொண்டிருந்தேன்'. காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சந்தேகம் வந்தால் ஜெ-யை எடுத்துவிட்டு இல் போட்டுப் பாருங்கள். 'இல் பார்லா' பொருந்தினால் எஸ் வேண்டாம். 'இல் பார்லே' பொருந்தினால் எஸ் வேண்டும். கதையில் இரண்டும் அடுத்தடுத்து வரும்: 'எல் அத்தாந்தே. இல் அரீவா.' அவள் காத்துக்கொண்டிருந்தாள் (பின்னணி, ஏம்பர்ஃபே). அவன் வந்து சேர்ந்தான் (நிகழ்ச்சி, பாஸே சேம்ப்ல்).

பயிற்சி

'தொன்னே' (கொடுக்க), 'ஷ்வாஸீர்' (தேர்ந்தெடுக்க), 'அத்தாந்த்ர்' (காத்திருக்க) மூன்றையும் 'அவன்', 'அவர்கள்' இரண்டுக்கும் எழுதிப் பாருங்கள். 'ப்ராந்த்ர்' (எடுக்க) பார்வைக்கு 'அத்தாந்த்ர்' போல இருந்தாலும் ஒழுங்கற்றது, 'இல் ப்ரி' என்றாகும். அதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

விடை: தொன்னா, தொன்னேர்; ஷ்வாஸி, ஷ்வாஸீர்; அத்தாந்தி, அத்தாந்தீர். நான்காவது விடை அகராதி வடிவத்தைப் போலவே ஒலிக்கிறது, ஆனால் எழுத்தில் ஐ-ஆர்-இ-என்-டி. வாயால் சொல்லிப் பழகினால் மட்டும் இது பிடிபடாது, கையால் எழுதுங்கள்.