மருத்துவமனை ஊழியர் பயிற்சிக்கு எந்த மென்பொருள்? ரிப்போர்ட்டிலிருந்து தொடங்குங்கள்

மதுரையில் நடுத்தர அளவுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நர்ஸிங் எஜுகேட்டர். ஊழியர்களுக்குச் சொல்லித் தருவதும், சொல்லித் தந்ததற்கான பதிவுகளைப் பத்திரமாக வைப்பதும் என் பொறுப்பு. வேறு மருத்துவமனைகளில் இதே வேலை பார்க்கும் சிஸ்டர்கள் "ஆன்லைன் டிரெயினிங்குக்கு எந்த சாஃப்ட்வேர் எடுக்கலாம்?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விற்க வருபவர் முதலில் அழகான பாடப் பக்கங்களைக் காட்டுவார். "பயிற்சி எடுக்காதவர்களின் பட்டியலை வார்டு வாரியாக எடுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காரணம் இருக்கிறது. உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016-இன்படி, கழிவைக் கையாளும் எல்லோருக்கும் வேலையில் சேரும்போதும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையாவதும் பயிற்சி தர வேண்டும். ஜூன் 30-க்குள் கொடுக்கும் ஆண்டறிக்கையில் எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்பதோடு, எத்தனை பேர் பெறவில்லை என்பதையும் எழுத வேண்டும். முடித்தவர்களுக்குச் சான்றிதழ் அடித்துத் தர எல்லா மென்பொருளும் தயார். முடிக்காதவர்களைக் கேட்டால்தான் பல மென்பொருள்கள் தடுமாறும்.

அந்தப் பட்டியல் சரியாக வர வேண்டுமென்றால் எல்லோருடைய பெயரும் உள்ளே இருக்க வேண்டும். ஹெச்ஆர் கொடுக்கும் எக்ஸெல் ஷீட்டில் ஒப்பந்த நிறுவனம் வழியாக வரும் ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். கழிவுப் பையைக் கையால் தூக்குகிறவர்கள் அவர்கள்தான். மென்பொருளைப் பார்ப்பதற்கு முன்பே ஒப்பந்ததாரரின் வருகைப் பதிவேட்டையும் வாங்கி, இரண்டையும் ஒரே பட்டியலாக்குங்கள்.

அடுத்தது லாகின். நம்மிடம் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு மின்னஞ்சல் முகவரி கிடையாது, இருந்தாலும் பாஸ்வேர்டு நினைவில் இருக்காது. ஊழியர் எண்ணையே பயனர் பெயராக வைக்க முடியுமா, மறந்த பாஸ்வேர்டை இன்சார்ஜ் சிஸ்டரே மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். ஆளுக்கொரு மின்னஞ்சல் கட்டாயம் என்றால் அந்த மென்பொருள் நமக்கு ஆகாது.

தமிழ் வருமா என்று கேட்டால் எல்லோரும் வரும் என்றுதான் சொல்வார்கள். நீங்களே மூன்று இடத்தில் சோதியுங்கள். ஒன்று, பெயர்ப் பட்டியலை ஏற்றும் இடம்: எக்ஸெல்லில் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற வகையில் சேமிக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். இரண்டு, தேர்வு: விடையைத் தட்டச்சு செய்யும் கேள்வியே வேண்டாம். இரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையில், ஐவி டியூப் சிவப்பில், ஊசி வெள்ளை நிறத் துளைபடாத டப்பாவில், உடைந்த மருந்துக் குப்பி நீலத்தில் என்று படத்தை இழுத்துப் போடும் கேள்வி அமைக்க முடிய வேண்டும். கேள்வியை ஒலியாகக் கேட்கவும் வசதி வேண்டும். வாசிக்கத் திணறும் ஆயாம்மாவுக்குக் கழிவு பிரிக்கத் தெரியாது என்று முடிவு கட்டுவது அநியாயம். மூன்று, சான்றிதழ்: 'செல்வி', 'கோமதி', 'ஜெயக்கொடி' என்ற பெயர்களில் ஒரு பிடிஎஃப் எடுத்துப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும் தவறு பல மென்பொருள்களில் உண்டு. மூடுல் என்ற ஆன்லைன் பயிற்சி மென்பொருள் சான்றிதழுக்குப் பயன்படுத்தும் டிசிபிடிஎஃப் என்ற நிரல் தொகுப்பிலும் இந்தக் குறை இருக்கிறது. நான் சான்றிதழில் பெயரை ஆங்கிலத்தில் விட்டுவிடுகிறேன். வருத்தம்தான், ஆனாலும் ஒருவருடைய பெயரைச் சிதைத்து அச்சடித்துக் கொடுப்பதைவிட இது மேல்.

இனி எது எங்கே பொருந்தும் என்று பார்க்கலாம். முப்பது, நாற்பது பேர் உள்ள கிளினிக்குக்கு மென்பொருளே வேண்டாம். ஒரு கூகுள் ஃபார்ம், ஒரு ஷீட், நேரில் ஒரு வகுப்பு போதும். ஏற்கெனவே இருக்கும் வேர்ட்பிரஸ் இணையதளத்தில் ஒரு பிளக்-இன் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்) சேர்த்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நோயாளிகள் வந்து பார்க்கும் பொதுத் தளத்தில் ஊழியர் பதிவுகளை வைப்பதை நான் ஏற்கமாட்டேன். ஓப்பன் எடெக்ஸ், 2012-இல் ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து தொடங்கிய எடெக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்துக்குப் பின்னால் உள்ள மென்பொருள். ஆயிரக்கணக்கானோர் படிக்கும் பாடங்களுக்கென்று உருவானது, பராமரிக்கத் தனி ஆள் வேண்டும்.

நூறு பேருக்கு மேல் இருந்து, ஐடி பிரிவில் ஒருவராவது இருந்தால் மூடுல்தான் என் தேர்வு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்ட்டின் டூகியமாஸ் தொடங்கியது, முதல் பதிப்பு 2002-இல் வந்தது. திறந்த மூலம் என்பதால் உரிமக் கட்டணம் இல்லை. வார்டு வாரியாகக் குழு அமைத்து, ஒரு குழுவையே பாடத்தில் சேர்த்துவிடலாம். புதிதாக ஐசியூ குழுவில் சேர்பவர் தானாகவே ஐசியூ பாடங்களுக்குள் வந்துவிடுவார். இது முக்கியம். பாடத்தில் சேர்க்கப்படாதவர் 'முடிக்காதவர்' பட்டியலிலும் வரமாட்டார். மொபைல் ஆப்பில் பாடத்தை இறக்கி வைத்து, சிக்னல் கிடைக்காத பேஸ்மென்ட் எக்ஸ்ரே அறையிலும் படிக்கலாம். ஆப்பின் இலவசத் திட்டத்துக்குச் சில வரம்புகள் உண்டு, முன்பே படித்துவிடுங்கள்.

மூடுலின் குறையையும் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் அதே பயிற்சியைத் திரும்ப எடுக்க வைக்கும் வசதி அடிப்படை மூடுலில் இல்லை. அதற்குத் தனிப் பிளக்-இன் போட வேண்டும், அல்லது கட்டணம் கட்டி, மூடுலை அடிப்படையாகக் கொண்ட மூடுல் வொர்க்பிளேஸ், டோடாரா போன்றவற்றுக்குப் போக வேண்டும். நான் சொல்லும் வழி எளிது: ஒவ்வோர் ஆண்டும் பாடத்தை நகலெடுத்து, ஆண்டைப் பெயரில் சேர்த்துப் புதிதாகத் திறங்கள். பழைய பாடத்தைப் பூட்டி அப்படியே வையுங்கள். ஆய்வுக்கு வருபவர் சென்ற ஆண்டுப் பதிவைக் கேட்டால் கலப்படம் இல்லாமல் காட்டலாம். வேலையை விட்டுப் போனவரின் கணக்கையும் அழிக்காதீர்கள், முடக்கி மட்டும் வையுங்கள். அழித்தால் அவர் எடுத்த பயிற்சி ரிப்போர்ட்டிலிருந்து மறைந்துவிடும்.

கட்டணச் சேவை எடுப்பதாக இருந்தால், தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் 'தலை' யார் என்று எழுத்தில் வாங்குங்கள். பதிவான எல்லோருமா, அந்த மாதம் லாகின் செய்தவர்கள் மட்டுமா? நம் துறையில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். போனவருக்கும் சேர்த்துப் பணம் கட்டும் நிலை வரக்கூடாது. ஒப்பந்தம் முடிந்தால் பயிற்சிப் பதிவுகள் எல்லாம் எக்ஸெல்லாகக் கைக்கு வருமா என்றும் கேளுங்கள். பாடங்களை வெளியே செய்து வாங்கினால் 'ஸ்கார்ம் 1.2' என்ற பொதுவான பாடக் கோப்பு வடிவில் கேட்டு வாங்குங்கள். பழைய வடிவம்தான், ஆனால் பெரும்பாலான மென்பொருள்கள் அதை ஏற்கும். நாளை தளம் மாறினாலும் பாடம் வீணாகாது.

சொந்த சர்வரில் மூடுல் போட்டால் டேட்டாபேஸ், மூடுல்டேட்டா ஃபோல்டர், நிரல் ஆகிய மூன்றும் பேக்கப்பில் இருக்கிறதா என்று ஐடி தம்பியிடம் கேளுங்கள். டேட்டாபேஸ் மட்டும் இருந்தால் நீங்கள் ஏற்றிய வீடியோவும் படங்களும் திரும்ப வராது.

கையெழுத்துப் போடும் முன் ஒரு வாரம் சோதனை கேளுங்கள். ஐடி ஆட்களை வைத்துச் சோதிக்க வேண்டாம். இரவு ஷிப்டிலிருந்து ஒரு ஆயாம்மா, ஒரு செக்யூரிட்டி அண்ணன், ஒரு லேப் டெக்னீஷியன், புதிதாக வந்த ஒரு ஸ்டாஃப் நர்ஸ் என்று எடுங்கள். அவரவர் போனில், நீங்கள் பக்கத்தில் இல்லாமல், ஒரு பாடத்தை முடிக்கச் சொல்லுங்கள். அடுத்த நாள் காலை ரிப்போர்ட்டைத் திறந்து, முடிக்காதவர் யார் என்பது சரியாக வந்திருக்கிறதா என்று அவர்களிடமே கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.