தானாகப் புதுப்பிக்கப்படும் வாகன வீதியுதவித் திட்டத்தை நிறுத்துவதும் மாற்றுவதும்: திருகோணமலை வாகன உரிமையாளர்களுக்கான செய்முறை விளக்கம்

வாகனம் வழியில் பழுதாகி நின்றால் மெக்கானிக்கை அனுப்புவது, இறங்கிப்போன பற்றரியை ஏற்றிவிடுவது, சில்லு மாற்றித் தருவது, ஓட்ட முடியாத நிலையென்றால் கெரியரில் ஏற்றிக் கராஜுக்குக் கொண்டுசேர்ப்பது ஆகிய வேலைகளை ஆண்டுக் கட்டணத்துக்குச் செய்து தரும் ஏற்பாட்டையே இங்கு வீதியுதவித் திட்டம் என்று குறிப்பிடுகிறேன். இத்தகைய திட்டங்கள் பலவற்றில், நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அடுத்த ஆண்டுக்கான கட்டணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தோ கடனட்டையிலிருந்தோ தானாகவே அறவிடப்படும். திட்டம் பயன்படவில்லை என்றோ, வேறு இடத்தில் நல்லது கிடைக்கிறது என்றோ நினைப்பவர்கள் முதலில் வங்கிக்கு ஓடிப் பணத்தை நிறுத்துகிறார்கள். இது வரிசை தவறிய வேலை. முதலில் புதிய பாதுகாப்பு கையில் இருக்க வேண்டும். அடுத்துப் பழைய ஒப்பந்தம் எழுத்தில் முடிவுக்கு வர வேண்டும். பணத்தை நிறுத்துவது அதற்குப் பிறகுதான்.

நம் ஊருக்கு இந்த வரிசை கூடுதல் முக்கியமானது. கொழும்புக்குப் போகும் ஏ6 வீதியில் கந்தளாய் தாண்டிய பின் ஹபரணை வரை காடு சூழ்ந்த நீண்ட பகுதிகள் வருகின்றன. இருட்டிய பிறகு யானைகள் வீதியைக் கடக்கும் இடங்களும் அங்கே உண்டு. அப்படியான இடத்தில் பழைய திட்டம் முடிந்து புதிய திட்டம் தொடங்காத ஒரு நாளில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

முதலாம் படி: உங்களிடம் இருப்பது எந்த வகை?

வீதியுதவி நான்கு வழிகளில் உங்கள் கைக்கு வந்திருக்கலாம். முழுமையான காப்புறுதியின் ஒரு பகுதியாக அது சேர்ந்திருக்கலாம். தனியான உறுப்புரிமையாக இருக்கலாம்; 1904இல் தொடங்கப்பட்ட இலங்கை மோட்டார் வாகனச் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு இத்தகைய சேவையை வழங்கிவருகிறது. லீசிங் கம்பனி ஒழுங்கு செய்து தந்த பொதிக்குள் அடங்கியிருக்கலாம். அல்லது வங்கி அட்டையோடு சலுகையாக வந்திருக்கலாம். எது என்று தெரியாவிட்டால் காப்புறுதிப் பத்திரத்தோடு இணைத்துத் தரப்படும் அட்டவணைத் தாளை எடுத்து, மேலதிகப் பாதுகாப்புகள் என்ற பகுதியை வாசியுங்கள். அதில் இல்லையென்றால் கடந்த 13 மாத வங்கிக் கூற்றுகளைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை போகும் கட்டணம் 12 மாதக் கூற்றில் தப்பிவிடக்கூடும் என்பதால்தான் ஒரு மாதம் கூட்டிச் சொல்கிறேன்.

வீதியுதவி காப்புறுதிக்குள் அடங்கியிருந்தால் காப்புறுதியை அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயமானது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வாகன வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கவும் முடியாது. வீதியுதவியை மட்டும் கழற்றித் தர முடியுமா, அதனால் கட்டணம் எவ்வளவு குறையும் என்று முகவரிடம் கேளுங்கள். குறையாது என்று பதில் வந்தால் அதை அப்படியே விட்டுவைப்பதுதான் நல்லது. லீசிங்கில் ஓடும் வாகனமென்றால் அந்தக் கம்பனியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் காப்புறுதியில் எந்த மாற்றமும் செய்ய வேண்டாம்.

இரண்டாம் படி: திகதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

நிபந்தனைத் தாளிலிருந்து மூன்று விடயங்களைத் தேடி எடுங்கள்: புதுப்பிக்கும் திகதி, நிறுத்துவதற்கு எத்தனை நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை, இடையில் நிறுத்தினால் பணம் எப்படித் திரும்பும் என்ற விதி. முன்னறிவித்தல் 30 நாட்கள் என்று இருந்தால், 45 நாட்களுக்கு முன்பே தொலைபேசியில் ஒரு நினைவூட்டலை வைத்துவிடுங்கள்.

பணம் திரும்பும் விதியை ஆறுதலாக வாசியுங்கள். ஆறு மாதம் கழித்து நிறுத்தினால் பாதிப் பணம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். காப்புறுதியில் வாடிக்கையாளர் தானாக விலகும்போது பெரும்பாலும் குறுங்கால வீதத்தில்தான், அதாவது கழிந்த நாட்களின் பங்கை விடக் கூடுதலாக நிறுவனம் வைத்துக்கொள்ளும் முறையில்தான், கணக்குப் பார்ப்பார்கள். அதன்படி கைக்கு வருவது பாதியை விடக் குறைவாகவே இருக்கும். அந்த ஆண்டில் ஒருமுறை உதவி பெற்றிருந்தால் ஒன்றும் திரும்பாது என்று சொல்லும் நிபந்தனைகளும் உண்டு. ஆகவே பழைய திட்டத்தில் பெரிய குறை இல்லையென்றால், இடையில் முறிப்பதை விட ஆண்டு முடியும்வரை வைத்திருந்து புதுப்பித்தலை மட்டும் தடுப்பது இலாபமானது.

மூன்றாம் படி: புதியதை முதலில் தெரிவுசெய்யுங்கள்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். விளம்பரத்தில் நாடளாவிய சேவை என்று இருக்கும். நமக்குத் தேவையான விடை அதுவல்ல. உதவி வண்டி எங்கிருந்து புறப்படுகிறது என்பதுதான் கேள்வி. அது திருகோணமலை நகரிலிருந்து வருகிறதா, அநுராதபுரத்திலிருந்தா, தம்புள்ளையிலிருந்தா என்று நேரடியாகக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்குக் குச்சவெளி தாண்டி புல்மோட்டை வீதியில் வாகனம் நின்றால் யார் வருவார், எவ்வளவு நேரத்தில் வருவார் என்று இடத்தையும் நேரத்தையும் சொல்லிக் கேட்டால் முகவர் பொதுவாகப் பேசித் தப்ப முடியாது. 2009இல் பாலம் திறக்கப்பட்ட பிறகு கிண்ணியாவுக்குப் போகப் பாதைக்காக (வாகனங்களை ஏற்றிக் கடக்கும் படகுக்காக) காத்திருக்க வேண்டியதில்லை என்றாலும், கிண்ணியாவும் மூதூரும் தங்கள் சேவைப் பகுதிக்குள் அடங்குகின்றனவா என்பதைத் தனியாகக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து, இலவசமாக ஏற்றிச்செல்லும் தூரம். ஓர் உதாரணத்துக்கு இலவசத் தூரம் 25 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். கந்தளாயில் நின்ற வாகனத்தைத் திருகோணமலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 40 கிலோமீற்றர். மிகுதி 15 கிலோமீற்றருக்கு நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது: அந்த 25 கிலோமீற்றரை வாகனம் நின்ற இடத்திலிருந்து எண்ணுகிறார்களா, கெரியர் புறப்பட்ட இடத்திலிருந்து எண்ணுகிறார்களா என்பது. புறப்பட்ட இடத்திலிருந்து எண்ணுவதென்றால், தம்புள்ளையிலிருந்து வரும் கெரியர் உங்களிடம் வந்து சேருமுன்பே இலவசத் தூரம் முடிந்துவிடும். மேலதிகக் கிலோமீற்றருக்கான கட்டணத்தையும், அருகிலுள்ள கராஜுக்கு மட்டும்தான் கொண்டுபோவார்களா அல்லது நீங்கள் விரும்பும் கராஜுக்கும் கொண்டுபோவார்களா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வட்ஸ்அப்பில் வந்த பதிலென்றாலும் சேமித்து வையுங்கள்.

பாதுகாப்பு வாகனத்துக்கா, ஆளுக்கா என்பதையும் கேளுங்கள். ஆளுக்கானது என்றால் உங்கள் மகன் ஓட்டிச் செல்லும் நாளில் உதவி வராது. வாகனத்தின் வயதுக்கு எல்லை உண்டா, ஆண்டுக்கு எத்தனை முறை அழைக்கலாம், ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் சேர்க்கப்படுமா என்பனவும் கேட்க வேண்டியவை. நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றி இறக்கும் வான் வைத்திருப்பவர்கள், வாடகைக்கு ஓடும் வாகனம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தனிப்பட்ட பாவனைக்கான திட்டத்தில் சேர்த்துவிட்டு வாடகை ஓட்டத்தில் உதவி கேட்டால், மறுக்கும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கும்.

சேர்ந்த உடனேயே சேவை தொடங்காத திட்டங்களும் உண்டு. அப்படி ஒரு காத்திருப்புக் காலம் இருந்தால், அது முடியும் நாள் பழைய திட்டம் முடியும் நாளுக்கு முன்னதாக விழும்படி புதியதில் சேருங்கள். சில நாட்களுக்கு இரண்டு திட்டங்களுக்கும் பணம் கட்டியதாகத் தோன்றும். அந்தச் செலவு தகும்.

நான்காம் படி: எழுத்தில் அறிவியுங்கள்

தொலைபேசியில் சொல்லிவிட்டேன் என்பது பின்னாளில் நிற்காது. உறுப்புரிமை இலக்கத்தையும் வாகன இலக்கத்தையும் தலைப்பில் எழுதி, கீழே உள்ளதைப் போன்ற சிறிய கடிதம் கொடுத்தால் போதும்:

“முகாமையாளர் அவர்களுக்கு,
மேலே குறிப்பிட்ட உறுப்புரிமை இலக்கத்தையும் வாகன இலக்கத்தையும் கொண்ட வீதியுதவித் திட்டத்தை, அது முடிவுறும் திகதிக்குப் பின்னர் புதுப்பிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். கட்டணத்தை என் கணக்கிலிருந்து தானாக அறவிடுவதற்கு நான் வழங்கிய அதிகாரத்தையும் இத்தால் மீளப் பெறுகிறேன். இக்கடிதம் கிடைத்ததையும் திட்டம் முடிவுறும் திகதியையும் 14 நாட்களுக்குள் எழுத்தில் அறியத் தரவும்.”

காரணம் எழுத வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். அதோடு பதிவுத் தபாலிலும் அனுப்பித் தபாற் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். திருகோணமலைக் கிளையில் நேரடியாகக் கொடுப்பதென்றால் பிரதியொன்றில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். தலைமை அலுவலகம் கொழும்பில் இருப்பதால் தமிழ்க் கடிதத்தோடு ஆங்கிலப் பிரதியையும் இணைத்தால் பதில் விரைவாக வரும். நீங்கள் கடிதம் கொடுத்த பிறகு அவர்கள் அழைத்துக் கழிவு தருவதாகச் சொல்லக்கூடும். உண்மையாகவே நல்ல விலை என்றால் ஏற்றுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அந்த விலை அடுத்த ஆண்டும் தொடருமா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

ஐந்தாம் படி: பணம் போகும் வழியை அடையுங்கள்

உறுதிப்படுத்தும் பதில் கைக்கு வந்ததும் அதன் பிரதியோடு வங்கிக்குச் செல்லுங்கள். நிலையான கட்டளை (குறித்த திகதியில் பணம் செலுத்துமாறு நீங்கள் வங்கிக்குக் கொடுத்த உத்தரவு) என்றால் வங்கிப் படிவமொன்றை நிரப்பிக் கொடுத்தால் நிறுத்திவிடுவார்கள். கடனட்டை என்றால் குறித்த நிறுவனத்தின் தொடர் அறவீட்டைத் தடுக்குமாறு எழுத்தில் கேளுங்கள். அட்டை காலாவதியானால் தானாக நின்றுவிடும் என்று நம்ப வேண்டாம். விசா, மாஸ்டர்கார்ட் இரண்டிலும் புதிய அட்டை விவரத்தை நிறுவனங்களுக்குத் தெரிவிக்கும் சேவை இருக்கிறது, உங்கள் வங்கி அதில் சேர்ந்திருந்தால் அறவீடு புதிய அட்டைக்கு மாறிவிடும்.

லண்டனில் இருக்கும் உறவினர்களும் இதே கேள்வியைக் கேட்பதால் அவர்களுக்கு ஒரு குறிப்பு. பிரித்தானியாவில் காப்புறுதியாக விற்கப்படும் ஓராண்டு வீதியுதவித் திட்டத்தை, புதுப்பித்த பின்னரும், 14 நாட்களுக்குள் கைவிடும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. தானாகப் புதுப்பிப்பதை நிறுத்த இலகுவான வழிகளைத் தர வேண்டும் என்ற விதி 2022 ஜனவரி 1 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது. அங்கும் டைரக்ட் டெபிட்டை மட்டும் நிறுத்தினால் ஒப்பந்தம் முடிந்ததாகாது. மீதிக் கட்டணத்தைக் கேட்டுக் கடிதம் வரலாம். இந்த 14 நாள் உரிமை பிரித்தானிய விதி. இலங்கையில் வாங்கிய திட்டத்துக்கு உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதையே பாருங்கள்.

ஆறாம் படி: அதன் பிறகும் பணம் எடுத்தால்

உறுதிக் கடிதத்தையும் வங்கிக் கூற்றையும் இணைத்து, பணத்தைத் திருப்பித் தருமாறு முதலில் நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அதே நாளில் வங்கிக்கும் அறிவியுங்கள், ஏனெனில் அட்டை அறவீட்டை எதிர்ப்பதற்குக் கால எல்லை உண்டு. நிறுவனம் தீர்க்காவிட்டால், காப்புறுதியோடு சேர்ந்த திட்டமென்றால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (முறைப்பாடுகளை விசாரிக்கும் நடுவரிடம்) போகலாம்; 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். காப்புறுதியல்லாத உறுப்புரிமை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள்.

மாற்றம் முடிந்த அன்றே முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பழைய திட்டத்தின் ஸ்டிக்கரை உரித்துவிட்டு, புதிய அவசர இலக்கத்தையும் உறுப்புரிமை இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி டேஷ்போர்ட் பெட்டிக்குள் வையுங்கள். காட்டுப் பகுதிகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதால் செயலியை மட்டும் நம்ப வேண்டாம். வாகனத்தை ஓட்டும் ஒவ்வொருவரின் தொலைபேசியிலும் அந்த இலக்கத்தைப் பதிந்து கொடுங்கள். பழைய புதுப்பித்தல் திகதி கடந்த மாதத்துக்கான வங்கிக் கூற்றையும் அதற்கு அடுத்த மாதத்துக்கானதையும் பார்த்து, அறவீடு எதுவும் இல்லையென்று உறுதிசெய்த பிறகு கடிதங்களைக் கோப்பில் போடலாம்.