பிஎல்சி லைசென்ஸ் வாங்கும் முன்: சேலத்து ஆலைகளுக்கு ஒரு வழிகாட்டி

பிஎல்சி என்பது மெஷினை ஓட்டும் சிறு கம்ப்யூட்டர். அதற்குப் புரோகிராம் எழுதும் சாஃப்ட்வேருக்குத்தான் இந்த லைசென்ஸ். கொட்டேஷன் கேட்கும் முன் பேனல் கதவைத் திறந்து சிபியுவின் (பிஎல்சியின் மூளைப் பகுதி) ஆர்டர் எண்ணைப் போனில் படம் எடுங்கள். எதை வாங்குவது என்பதில் பாதியை அந்த எண்ணே சொல்லிவிடும்.

சீமென்ஸை எடுத்துக்கொள்வோம். 6ஈஎஸ்7-க்கு அடுத்து 31 என்று தொடங்கினால் எஸ்7-300, 41 என்றால் 400, 51 என்றால் 1500. மூன்றுக்கும் டிஐஏ போர்ட்டலில் (சீமென்ஸின் புரோகிராமிங் சாஃப்ட்வேர்) ஸ்டெப் 7 புரொபஷனல் தேவை. 21 என்று தொடங்கும் எஸ்7-1200-க்கு மட்டும் என்றால் ஸ்டெப் 7 பேசிக் போதும், விலையும் பல மடங்கு குறைவு. சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் ஒரு டிரையரையும் இரண்டு பம்ப்பையும் ஓட்டும் 1214சி என்ற எஸ்7-1200 சிபியுவுக்குப் புரொபஷனல் வாங்குவது வீண் செலவு. ஆனால் 21 என்ற தொடக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். பழைய எஸ்7-200-ம் அப்படித்தான் தொடங்கும். அதை டிஐஏ போர்ட்டல் தொடாது, மைக்ரோ/வின் என்ற தனி சாஃப்ட்வேர் வேண்டும். முகப்பில் அச்சிட்டிருக்கும் பெயரையும் பாருங்கள். 1214எஃப்சி போல எஃப் இருந்தால் அது பாதுகாப்பு வேலைக்கான சிபியு, அதற்கு சேஃப்டி லைசென்ஸ் தனி.

அடுத்தது டிஐஏ போர்ட்டலின் வெர்ஷன். பணம் அதிகம் வீணாவது இங்கேதான். புராஜெக்ட் ஃபோல்டரில் .ஏபி16, .ஏபி17 என்று முடியும் ஃபைலைத் தேடுங்கள். அந்த எண்தான் வெர்ஷன். வி17-இல் செய்ததை வி16-இல் திறக்க முடியாது. வி16 புராஜெக்டை வி17-இல் திறந்தால் அது மேம்படுத்தப்பட்ட புதிய பிரதியாகிவிடும், பழைய வெர்ஷன் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனால் அந்தப் பிரதியைத் தொட முடியாது. அதனால் முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, 21 நாள் டிரையல் லைசென்ஸைப் போட்டு, புராஜெக்ட் திறக்கிறதா, சிபியுவுடன் ஆன்லைனில் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். புதிதாக வாங்கும் 1200 ஜி2 வகை என்றால் வி20-க்குக் கீழே எதுவும் உதவாது.

ஹெச்எம்ஐ (ஆபரேட்டர் தொடும் திரை): பேசிக் பேனலுக்கான வின்சிசி பேசிக், ஸ்டெப் 7-உடனேயே வந்துவிடும். கம்ஃபர்ட் பேனலுக்கு வின்சிசி கம்ஃபர்ட் தனியாக வாங்க வேண்டும்.

ஒரே ஆள், ஒரே லேப்டாப் என்றால் பிரச்சினை இல்லை. மேட்டூரிலும் ஆத்தூரிலும் மாறி மாறி வேலை பார்க்கும் மூன்று பேருக்கு, கம்ப்யூட்டர் மாற்றிப் பகிரக்கூடிய ஃப்ளோட்டிங் லைசென்ஸ் சரி. ஆனால் ஒரு கீயை (லைசென்ஸின் மின்னணுச் சாவி) ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்தலாம். கீ ஆபீஸ் சர்வரில் இருக்க, ஏற்காட்டுக்கு மேலே சிக்னல் இல்லாத எஸ்டேட்டில் போய் நின்றால் வேலை ஓடாது. கிளம்பும் முன் ஆட்டோமேஷன் லைசென்ஸ் மேனேஜரில் கீயை லேப்டாப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கீ நகரும், பிரதியாகாது. விண்டோஸை ஃபார்மட் செய்யும் முன் அதைப் பென்டிரைவுக்கு மாற்றியாக வேண்டும். சி டிரைவில் 'ஏஎக்ஸ் என்எஃப் இசட்இசட்' என்று மறைந்திருக்கும் ஃபோல்டர்தான் அதன் இருப்பிடம். குப்பை என்று நினைத்து யாராவது அழித்தால் கீயும் போய்விடும்.

எல்லா கம்பெனியும் இப்படி இல்லை. டெல்டா பிஎல்சிக்கான டபிள்யூபிஎல்சாஃப்ட், ஐஎஸ்பிசாஃப்ட் இலவசம். பல கம்பெனிகளின் கன்ட்ரோலரில் ஓடும் கோடெசிஸில் எழுதும் சாஃப்ட்வேர் இலவசம், பணம் கன்ட்ரோலரில் புரோகிராமை ஓட்டும் ரன்டைமுக்கு. லைசென்ஸ் இல்லாமல் ராஸ்ப்பெர்ரி பை என்ற சிறு கம்ப்யூட்டரில் ஓட்டினால் 2 மணி நேரத்தில் நின்றுவிடும். பெக்காஃப் கம்பெனியின் டிவின்கேட் 3-இலும் எழுதக் காசில்லை. ரன்டைம் டிரையலை 7 நாளுக்கு ஒருமுறை புதுப்பித்துப் பழகலாம், உற்பத்தி லைனில் அப்படி விடக்கூடாது.

கிராக் செய்த கீ வேண்டவே வேண்டாம். 2010-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற கம்ப்யூட்டர் வார்ம் (வைரஸ் போன்றது), ஸ்டெப் 7 இருந்த கம்ப்யூட்டர்கள் வழியாகத்தான் பிஎல்சிக்குள் போனது. எங்கிருந்தோ வந்த ஃபைலை ஆலையின் நெட்வொர்க்கில் ஓட்டுவது அதே வாசலைத் திறந்து வைப்பது.

எந்த லைசென்ஸாலும் முடியாதது ஒன்று உண்டு: மெஷின் செய்தவர் புரோகிராமை மறைக்க நோ-ஹௌ பாஸ்வேர்ட் போட்ட பிளாக்கை (புரோகிராமின் ஒரு பகுதி) அந்தப் பாஸ்வேர்ட் இல்லாமல் திறப்பது. பேனலில் இருந்து ஹெச்எம்ஐ மூலப் புராஜெக்டைத் திரும்ப எடுக்கவும் பெரும்பாலும் முடியாது. ஆகவே மெஷின் வாங்கும் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள்: .இசட்ஏபி ஆர்கைவ் (முழுப் புராஜெக்டின் சுருக்கிய ஃபைல்), ஹெச்எம்ஐ மூலப் புராஜெக்ட், எல்லா பாஸ்வேர்டும், பயன்படுத்திய வெர்ஷன் எண்ணும் கையில் வந்த பிறகே கடைசித் தவணை.