இரண்டு உடை, ஒரு ஜன்னல்: விடுமுறை நாள் காலையில் ஒரு ஃபேஷன் ஷூட்

வேலையும் வீடும் பிள்ளைகளும் உள்ளவருக்கு ஃபேஷன் படம் எடுக்கக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு விடுமுறை நாளின் காலைதான். அதற்குள் ஐந்து உடை, மூன்று இடம் என்று திட்டம் போட்டால் எல்லாமே அரைகுறையாக நிற்கும். மூன்று மணி நேரத்துக்கு இரண்டு உடை போதும், ஒரு ஜன்னல் போதும். ஒப்பனைக்கும் தலைமுடிக்கும் 45 நிமிடம், ஒவ்வோர் உடைக்கும் 40 நிமிடம், நடுவில் மாற்றிக்கொள்ள 25 நிமிடம் என்று ஒதுக்கினால் கடைசியில் அரை மணி நேரம் மிஞ்சும். அந்த அரை மணியும் தங்காது. அறுந்த பொத்தானோ, வெயிலை மறைக்கும் மேகமோ அதைத் தின்றுவிடும்.

ஃபேஷன் படத்தில் பார்ப்பவர் கண் துணிக்குப் போக வேண்டும். முகம் எவ்வளவு நன்றாக விழுந்திருந்தாலும், தோள்பட்டையில் ஹேங்கரின் மேடு தெரிந்தால் அது நல்ல முகப்படம், அவ்வளவுதான். அதனால் பாதி வேலை கேமராவைத் தொடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முந்தின இரவு

உடைகளை நீராவியில் சுருக்கம் எடுத்து, அகலமான ஹேங்கரில் தொங்கவிடுங்கள். மடித்துப் பையில் வைக்காதீர்கள். இஸ்திரிப் பெட்டி மட்டும்தான் இருக்கிறது என்றால் உடையை உள்புறம் வெளியே திருப்பித் தேயுங்கள். கருப்புத் துணியை நேரே தேய்த்தால் பளபளவென்று ஒரு தடம் விழும்; கண்ணாடி முன் தெரியாது, படத்தில் தெரியும். வெல்வெட்டுக்கு இஸ்திரியே வேண்டாம். அதன் குட்டை இழைகள் நசுங்கினால் எளிதில் எழும்பாது.

எடுத்து வைக்க வேண்டியவை: சின்ன பைண்டர் கிளிப் ஆறு, ஊக்கு இருபது, இருபக்கம் ஒட்டும் டேப், தூசி எடுக்கும் ரோலர், உடையின் நிறத்தில் நூல் கோத்த ஊசி, மெல்லிய ஸ்கார்ஃப் ஒன்று. ஒப்பனை முடிந்த பிறகு தலைவழியாக உடை போடும்போது ஸ்கார்ஃபை முகத்தின் மேல் போர்த்திக்கொண்டால் கழுத்துப்பட்டையில் ஃபவுண்டேஷன் ஒட்டாது. வெள்ளை உடையில் அந்தக் கறை ஒட்டிவிட்டால் அன்றைக்கு அந்த உடை போனதுதான்.

மாடலாக வருபவரிடம் இரவே சொல்லிவிட வேண்டியது: காலையில் தளர்வான உடையில் வரச் சொல்லுங்கள், இறுக்கமான சாக்ஸ் வேண்டாம். எலாஸ்டிக் அழுத்திய தடம் தோலில் மறைய ஒரு மணி நேரம்கூட ஆகும். இதே காரணத்துக்காக ஷூட்டிலும் தளர்ந்த உடை முதலில், இறுக்கமானது அடுத்து. விரித்த முடி முதலில், கட்டிய முடி பிறகு. கட்டி அவிழ்த்த முடியில் மடிப்பு நிற்கும். வெளிர் உதட்டுச்சாயம் முதலில், அடர்ந்தது பிறகு. சிவப்பைத் துடைத்தாலும் உதட்டோரம் கறை போகாது.

படங்கள் எங்கே வெளியாகும், எத்தனை கொடுப்பீர்கள், எந்தத் தேதிக்குள், பிடிக்காத படத்தை நீக்கச் சொல்லும் உரிமை யாருக்கு என்பதையும் அப்போதே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துவரலாம் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். உடை மாற்ற உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறை வேண்டும். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும், ஷூட் முழுக்க அவர்கள் கூடவே இருக்கவும் வேண்டும். இதில் எந்தத் தளர்வும் கூடாது.

அறையை அளந்து பாருங்கள்

தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டால், முழு உருவத்துக்குப் படத்தில் சுமார் 2.1 மீட்டர் உயரம் தேவை. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் ஃபுல் ஃபிரேமில் (படம் பதியும் சென்சார் பெரிதாக உள்ள கேமராவில்) 85 மிமீ லென்ஸுக்கு 5 மீட்டர் பின்னால் போக வேண்டும். 50 மிமீக்கு 3 மீட்டர். அதைவிடச் சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மிமீக்கு 4.5 மீட்டர், 35 மிமீக்கு 3 மீட்டர். மாடலுக்கும் பின்சுவருக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இருந்தால்தான் சுவரில் நிழல் ஒட்டாது. ஆக, சாதாரண அறையில் 85 மிமீ முழு உருவத்துக்கு உதவாது. இடம் போதவில்லை என்று பரந்த காட்சியைப் பிடிக்கும் வைடு லென்ஸை மாட்டிக்கொண்டு கிட்டே போகாதீர்கள். கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது பெருத்துவிடும், உடையின் வெட்டே மாறிப்போகும். தொடை நடுவரை எடுத்து நிறுத்துங்கள். முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு என்று மூட்டுகளில் ஃபிரேமை வெட்டக் கூடாது.

முழு உருவத்துக்குக் கேமரா இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். நின்றபடி கண் உயரத்தில் எடுத்தால் கால் குட்டையாகும், பாவாடையோ பேண்டோ சுருங்கித் தெரியும். ஒரு முக்காலியில் உட்கார்ந்து எடுப்பது முதுகுக்கும் நல்லது.

வெளிச்சம்

அறை விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சம் ஏறக்குறைய 5500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு), மஞ்சள் பல்பு 3000 பக்கம். இரண்டும் கலந்தால் துணியின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் விழும், அதை எடிட்டிங்கில் முழுதாகச் சரிசெய்ய முடியாது. நீங்கள் போட்டிருக்கும் சட்டையும் கருப்போ சாம்பலோ ஆக இருக்கட்டும். பச்சைச் சட்டை பக்கத்தில் நின்றால் வெள்ளை உடையில் பச்சை சாயல் ஏறும்.

நேர் வெயில் உள்ளே விழுந்தால் வெள்ளை மெல்லிய துணியை ஜன்னலில் கட்டுங்கள். மாடலை ஜன்னலுக்கு 45 டிகிரி சாய்வாக நிறுத்தி, நிழல் பக்கத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிட மறுபக்கம் பெரிய வெள்ளைத் தெர்மோகோல் பலகை ஒன்றை வையுங்கள்.

ஜன்னலுக்கு நேரம் கிடைக்காமல் இரவில் எடுப்பவர்கள் ஒரு ஃபிளாஷும் அதன் ஒளியைப் பரப்ப ஒரு மீட்டர் அகலக் குடையும் வைத்துச் சமாளிக்கலாம். அங்கே அடிக்கடி நடக்கும் தவறு, விளக்கை முகத்துக்கு மிக அருகில் வைப்பது. முக உயரத்தில், ஒரு மீட்டர் தள்ளி விளக்கு இருந்தால், ஒன்றரை மீட்டர் கீழே உள்ள பாதத்துக்கு முகத்துக்கு விழுவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வெளிச்சமே போகும். அதாவது 1.7 ஸ்டாப் இருட்டு (வெளிச்சம் பாதியானால் அது ஒரு ஸ்டாப்). காலணியும் உடையின் கீழ்க்கரையும் காணாமல் போகும். அதே விளக்கை 2.5 மீட்டருக்குத் தள்ளினால் வித்தியாசம் அரை ஸ்டாப்கூட இல்லை. ஃபிளாஷில் எடுக்கிறீர்கள் என்றால் வெள்ளையான முகப்பவுடரையும், துத்தநாக ஆக்ஸைடு கலந்த சன்ஸ்கிரீனையும் தவிர்க்கச் சொல்லுங்கள். முகம் சாம்பல் பூசியது போல் வெளிறும்.

துணிக்குத் துணி வெளிச்சம் மாற வேண்டும். சாட்டினும் பட்டும் கண்ணாடி மாதிரி. விளக்கு எவ்வளவு சிறியதோ அவ்வளவு சின்ன, கூர்மையான வெள்ளைப் புள்ளி விழும். பெரிய ஜன்னலில் அது நீண்ட மென்மையான பளபளப்பாக மாறும். கம்பளிக்கும் பின்னலாடைக்கும் பக்கவாட்டிலிருந்து உரசிக்கொண்டு போகும் ஒளி இழை இழையாகக் காட்டும், ஆனால் சுருக்கத்தையும் அதே அளவு காட்டும். பருத்திச் சட்டையை அப்படி எடுக்காமல் இருப்பது மேல். உள்ளே தெரியும் மெல்லிய துணிக்குப் பின்னால் இருந்து வெளிச்சம் வேண்டும்.

கேமராவில்

எல்லாவற்றையும் நீங்களே அமைக்கும் மேனுவல் மோட், கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல். லென்ஸின் திறப்பு எஃப் 4 முதல் எஃப் 5.6 வரை (எண் சிறிதானால் திறப்பு பெரிது). 85 மிமீயில் எஃப் 1.8 வைத்து இரண்டு மீட்டரில் எடுத்தால் கூர்மையாக விழுவது ஆறு சென்டிமீட்டர் ஆழம்தான். கண் தெளிவாக இருக்கும், காலர் மங்கும். நின்ற போஸுக்கு ஷட்டர் 1/250 நொடி, நடந்தால் 1/500, பாவாடை சுழன்றால் 1/1000. இதற்காக ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 1600 வரை போனாலும் பரவாயில்லை. நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான கரகரப்பு) உள்ள படத்தைக் காப்பாற்றலாம், அசைந்த படத்தைக் காப்பாற்ற முடியாது.

மேனுவலிலும் கேமராவின் ஒளிமானியை (மீட்டர்) அப்படியே நம்பாதீர்கள். கருப்பு உடையைப் பார்த்து அது வெளிச்சம் போதாது என்று சொல்லும், வெள்ளையைப் பார்த்து அதிகம் என்று சொல்லும். ஒவ்வோர் உடை மாற்றத்திலும் ஒரு கிரே கார்டை (நிறச்சாயல் இல்லாத சாம்பல் அட்டை) மாடலின் கையில் கொடுத்து ஒரு படம் எடுங்கள். துணியின் உண்மையான நிறத்துக்கு அதுதான் சாட்சி.

நுண்ணிய கோடு போட்ட துணியில் வானவில் அலை தெரிந்தால் அது மோயரே. இழையின் இடைவெளியும் சென்சாரின் புள்ளி இடைவெளியும் மோதுவதால் வருவது. ஓர் அடி முன்னாலோ பின்னாலோ நகர்ந்தால் பெரும்பாலும் போய்விடும். கேமராவின் திரையில் முழுதாக உருப்பெருக்கிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். சிறிதாக்கிக் காட்டும் திரையே சில நேரம் பொய்யான அலையைக் காட்டும்.

கிளிப் வேலை

தளர்ந்த உடையை உடலுக்குப் பொருத்துவது கேமராவுக்குத் தெரியாத முதுகுப்பக்கம்தான். தொடுவதற்கு முன் கேளுங்கள், அல்லது கூட வந்தவரைச் செய்யச் சொல்லுங்கள். முதுகின் நடுத்தையலில் துணியை இரண்டு விரலால் கூட்டிப் பிடித்து முன்பக்கம் பாருங்கள். மார்புக்குக் குறுக்கே படுக்கைக் கோடு விழுந்தால் அதிகம் இழுத்துவிட்டீர்கள். அரை சென்டிமீட்டர் விடுங்கள். பக்கத்தையல் இரண்டும் நேர்செங்குத்தாக விழும் இடத்தில் கிளிப்பைப் போடுங்கள். பட்டாக இருந்தால் கிளிப்புக்கும் துணிக்கும் நடுவே மடித்த டிஷ்யூ வையுங்கள், இல்லையென்றால் பல் பதியும். கையைத் தூக்கினாலோ உட்கார்ந்தாலோ எல்லாம் மாறும், மறுபடி பார்க்க வேண்டும்.

போஸுக்கு நீண்ட பாடம் தேவையில்லை. எடை பின்காலில், கைக்கும் இடுப்புக்கும் நடுவே வெளிச்சம் தெரியும் அளவு இடைவெளி, தாடை சற்று முன்னே வந்து லேசாகக் கீழே. கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: பையில் கட்டைவிரல், காலரில் இரு விரல். ஒவ்வோர் உடைக்கும் முழு உருவம், முக்கால், அரை, பிறகு பொத்தான், கைமடிப்பு, தையல் என்று நெருக்கப் படங்கள். நெருக்கப் படங்களை மறந்து உடையை மாற்றிவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

வீடு திரும்பிய பின்

உடைக்கு 150 படங்கள் என்றால் 24 மெகாபிக்சல் ரா ஃபைல்கள் மொத்தம் எட்டு, ஒன்பது ஜிபி ஆகும். அன்றே இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில் நகல் எடுங்கள். இரண்டையும் திறந்து பார்த்த பிறகே கார்டை அழிக்கலாம். தேர்வை அன்றே செய்யாதீர்கள்; களைப்பில் எல்லாமே நன்றாகவோ எல்லாமே மோசமாகவோ தெரியும். வார நாளில் தினம் அரை மணி நேரம் போதும்: முதல் நாள் கண் மூடியவை, மங்கியவை கழிய வேண்டும். இரண்டாம் நாள் உடை சரியாக விழாதவை. மூன்றாம் நாள் உடைக்கு எட்டு, பத்து மிஞ்சும். அவற்றை மட்டும் எடிட் செய்யுங்கள். வீட்டில் மற்றவர்கள் காத்திருக்கும் மாலையைத் திரைக்குக் கொடுக்காமலே பத்து நாளில் முடியும்.

உடை இரவல் என்றால் திருப்பிக் கொடுக்கும் முன் ஊக்குகளையும் கிளிப்புகளையும் எண்ணிப் பாருங்கள். இருபதில் ஒன்று குறைந்தால், அது உள்தையலில்தான் இருக்கும்.