கமாண்டோ குறுவாளைப் புளி போட்டுத் துலக்காதீர்கள்: நிலையைக் கணிக்கும் முறை

குத்துவிளக்கைத் துலக்கிப் பழகிய கை சும்மா இருக்காது. முதன்முதலில் ஒரு பித்தளைப் பிடி போட்ட குறுவாள் என்னிடம் வந்தபோது, அதையும் புளி போட்டுத் தேய்த்துப் பொன்னாக மின்னவிட்டேன். அதைப் பார்த்த மூத்த சேகரிப்பாளர் ஒன்றும் சொல்லவில்லை. மேசையில் திரும்ப வைத்துவிட்டுத் தேநீர் கேட்டார். பிடியில் மிஞ்சியிருந்த போர்க்காலக் கறுப்புப் பூச்சு முழுவதும் சாக்கடையோடு போயிருந்தது.

அந்தக் கத்தி ஃபேர்பேர்ன்–சைக்ஸ் வகை. ஷாங்காய் நகரக் காவல் துறையில் பணியாற்றிய வில்லியம் ஃபேர்பேர்னும் எரிக் சைக்ஸும் வடிவமைத்தது. 1941 முதல் வில்கின்சன் ஸ்வோர்டு நிறுவனம் பிரிட்டிஷ் கமாண்டோ படையினருக்காகத் தயாரித்தது. அதை வைத்தே விளக்குகிறேன்.

1. எந்த வகை என்று பாருங்கள்

கைகாப்பு (பிடிக்கும் அலகுக்கும் நடுவில் விரலைக் காக்கும் குறுக்குத் தகடு) 'எஸ்' எழுத்தைப் போல வளைந்து, அலகின், அதாவது வெட்டும் தகட்டின், அடியில் தட்டையான பகுதி இருந்தால் முதல் வகை. கைகாப்பு நேராக, பித்தளைப் பிடியில் கட்டம் கட்டமாகச் சொரசொரப்பு இருந்தால் 1942இல் வந்த இரண்டாம் வகை. பிடி முழுவதும் வளையம் வளையமாக இருந்தால் 1943இல் வந்த மூன்றாம் வகை; அதன் பிடி வார்ப்புக் கலப்பு உலோகம். வகை தெரியாமல் நிலையைப் பேச முடியாது. ஒன்றின் பிடியை இன்னொன்றின் அலகில் மாட்டி விற்பவர்களும் உண்டு.

2. அலகு: இங்கே அவசரம் வேண்டாம்

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விரல் வியர்வையின் உப்பு எஃகில் ரேகையாகவே பதிந்துவிடும். வெள்ளைத் தாள்மேல் கத்தியை வைத்து, மேலிருந்து பாருங்கள். அலகு ஏறக்குறைய 7 அங்குலம் இருக்க வேண்டும். நுனி மெல்லியது, எளிதில் உடையும். உடைந்ததைத் தேய்த்துக் கூராக்கினால் நீளம் குறையும். அளவுகோல் அதைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, நடுவில் ஓடும் முகட்டைக் கண்ணால் தொடருங்கள். இரு பக்கமும் சமமாக இருக்கிறதா? ஒரு பக்கம் ஒல்லியாகத் தெரிந்தால், யாரோ சாணை பிடித்திருக்கிறார். போர்க்களத்தில் சிப்பாய் தீட்டியதை நான் குறையாகவே நினைப்பதில்லை. நேற்று சாணைச் சக்கரத்தில் விட்டதுதான் குறை. அதன் கீறல்கள் புதிதாக, ஒரே திசையில் பளிச்சிடும்.

பிறகு துரு. கருஞ்சாம்பல் நிறத்தில் எஃகோடு ஒட்டிக் கிடப்பது காலம் ஏற்றிய கருமை, அதைத் தொடக் கூடாது. பஞ்சால் லேசாக ஒற்றினால் செம்மஞ்சள் தூள் ஒட்டிக்கொண்டு வருகிறதா? அது இன்னும் தின்றுகொண்டிருக்கும் துரு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அதனடியில் குழிகள் தெரியும். எண்ணெய் தடவித் துருவை நிறுத்தலாம். குழியை நிரப்ப வழியில்லை.

3. எழுத்தும் முத்திரையும்

வில்கின்சன் பெயர் உள்ள கத்திகளில் அது அமிலத்தால் அரித்த, ஆழமில்லாத எழுத்து. இரண்டு முறை பாலிஷ் போட்டால் பாதி மறைந்துவிடும். ஆகவே எழுத்தின் தெளிவே பாலிஷின் வரலாறு. பெயரே இல்லாத அசல் கத்திகளும் ஏராளம். பிரிட்டிஷ் அரசின் உடைமை என்று காட்டும் அம்பு முத்திரை மட்டும் புதிதாக மின்னினால், முத்திரையைச் சந்தேகியுங்கள்.

4. பிடி

உச்சியில் உள்ள திருகுமறையைப் பாருங்கள். ஸ்பேனர் கடித்த தழும்பு இருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். மெதுவாக அசைத்தால் ஆடக் கூடாது. கறுப்புப் பூச்சு விரல் படும் மேடுகளில் மட்டும் தேய்ந்திருந்தால் நம்பலாம். பள்ளம் வரை சீராகப் போயிருந்தால் என்னைப் போல் ஒருவர் புளி வாங்கியிருக்கிறார்.

5. உறை

தையல், பட்டி, உடையில் வைத்துத் தைக்கும் தோல் காதுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். காதுகளை வெட்டி எடுத்திருப்பது சகஜம். நுனி உலோகத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கத்தியை உறைக்குள் வைத்துச் சேமிக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து அலகுக்குக் கொடுக்கும்.

இந்தியாவில் குறுவாள் ஆயுதச் சட்ட விதிகளுக்குள் வரக்கூடிய பொருள். வாங்கும் முன் விசாரித்துவிடுங்கள்.

6. எழுதி வையுங்கள்

'நல்ல நிலை' என்ற சொல்லால் யாருக்கும் பயனில்லை. என் குறிப்பேட்டில் இப்படி இருக்கும்: "இரண்டாம் வகை. நுனி முழுமை. முகடு நடுவில். கைகாப்பருகே மூன்று குழிகள். பிடி ஆடவில்லை. கறுப்பு: இல்லை, 'நானே துலக்கியது.'"